ஆஸ்பத்திரிச் சீட்டு

டாக்டரின் பேனாவுக்கு இங்கிலீஷ் மட்டும்தான் எழுத வரும்.

"நெஞ்சுக்குள்ள குடையுது சார். ஒரு நேரம் குத்துது, ஒரு நேரம் பிசையுது. சோறு இறங்கமாட்டேங்குது" என்றாள் சீனியம்மா.

பேனா 'பெயின்' என்று எழுதியது.

"அவ்வளவு சொன்னாளே, ஒரே வார்த்தையா?" என்றது ஆஸ்பத்திரிச் சீட்டு.

"எல்லாத்துக்கும் அதுதான். உன்கிட்ட இடம் எங்கே இருக்கு?" என்றது பேனா.

"எத்தனை நாளா இருக்கு?" என்று டாக்டர் கேட்டார்.

"எம்மவன் கிணத்துல விழுந்து போனதுல இருந்து சார். வர்ற ஆடிக்கு மூணு வருசம்."

பேனா 'த்ரீ இயர்ஸ்' என்று எழுதி முடித்தது.

சீனியம்மா சீட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். வெளியே காத்திருந்த தங்கச்சியிடம், "சொன்னது பூராத்தையும் டாக்டர் எழுதிக்கிட்டாருடி" என்றாள்.

இடுப்பில் இருந்த சீட்டு மூச்சுவிடவில்லை.