நூற்று முப்பது

இசக்கியம்மாளுக்கு விடியற்காலையிலிருந்தே வலி. பத்து மணிக்கு அவள் நர்ஸ் ஜெசிந்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"புள்ள அசையவே மாட்டேங்கு சிஸ்டர்."

ஜெசிந்தா அவள் வயிற்றில் கட்டியிருந்த பெல்ட்டை இழுத்து நகர்த்திவிட்டு, குழந்தையின் துடிப்பைக் காட்டும் மானிட்டரின் சத்தத்தைக் கூட்டினாள். இதயத்துடிப்பு அறையெங்கும் கேட்டது. திரையில் நூற்று முப்பது.

"கேட்டியா? என்னமா ஓடுது பாரு ஒம் புள்ள!"

இசக்கியம்மாள் அழுகையினூடே சிரித்தாள். அதன்பின் இரண்டு மணி நேரம் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டேதான் வலியைத் தாங்கினாள்.

குழந்தை நீலம் பாரித்து வெளியே வந்தது. கழுத்தில் தொப்புள்கொடி இரண்டு சுற்று சுற்றியிருந்தது. டாக்டர் எவ்வளவோ முயன்றும் அது மூச்சுவிடவில்லை. ஆனால் மானிட்டர் மட்டும் நிற்காமல் துடித்துக்கொண்டிருந்தது. டாக்டர் இசக்கியம்மாளின் மணிக்கட்டைப் பிடித்துத் திரையைப் பார்த்தபடி எண்ணினார். நாடியும் திரையிலிருந்த துடிப்பும் ஒன்றாகவே ஓடின.

"தாயோட நாடியையா இவ்வளவு நேரம் பாத்துட்டு இருந்தீங்க?" என்றார், ஜெசிந்தாவுக்கு மட்டும் கேட்கும்படி.

ஜெசிந்தா மானிட்டரை அணைத்தாள்.

"நல்லாத்தானே துடிச்சுது சிஸ்டர்? நானும் கேட்டேனே?"

ஜெசிந்தா டாக்டரைப் பார்த்தாள். அவர் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"கடைசி வரைக்கும் துடிச்சுது. முக்கச் சொன்னப்ப நீதான் சரியா முக்கல."

டாக்டர் கையுறையைக் குப்பையில் போட்டுவிட்டு வெளியே போனார். சற்று நேரத்தில் கணவனை உள்ளே விட்டார்கள். அவன் வாயைத் திறப்பதற்குள் இசக்கியம்மாள் கைகூப்பினாள்.

"எம் மேலதாங்க தப்பு. எனக்கு முக்கத் தெரியல."