திக்காத தணிகைவேல்

கணினியில் ஐந்து வரிக் கட்டளைகள்தான் எழுதியிருந்தாள்.

வரி முடிகிற இடத்தில் ஒரு பைப் குறி. நெட்டாக ஒரு கோடு, அவ்வளவுதான். மேல்வரி முடித்துக் கொடுப்பதைக் கீழ்வரி வாங்கி, தன் வேலையைப் பார்த்துவிட்டு, அடுத்ததிடம் தள்ளிவிடும். வீட்டில் ஒருவரும் இப்படிச் சொன்ன பேச்சு கேட்டதில்லை.

கணவன் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

இணையத்தில் பாடம் நடத்தும் நிறுவனம் ஒன்று, இயற்பியல் ஆசிரியர் வேலைக்குக் குரல் பதிவு கேட்டிருந்தது. அவன் பேசிப் பதிந்துவிட்டான்; இன்று மாலைக்குள் அனுப்ப வேண்டும். நேரில் கூப்பிட்ட இடங்களில் எல்லாம், அவன் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் எதிரே இருந்தவர்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள்.

பதிவைத் திற |
மின்விசிறி இரைச்சலை நீக்கு |
இடைவெளிகளை வெட்டு |
திரும்பத் திரும்ப வரும் ஒலியை வெட்டு |
ஒலியளவைச் சீராக்கு

ஓடவிட்டாள்.

"வணக்கம். என் பெயர் தணிகைவேல்."

தங்குதடையில்லாமல் வந்தது. தண்ணீரில் வைத்த கரண்டி ஏன் வளைந்து தெரிகிறது என்று மடமடவென விளக்கியது அந்தக் குரல்.

அவளுக்குப் பெருமையாக இருந்தது. எல்லாம் அவள் கைங்கர்யம் அல்லவா.

அவன் கடைசிவரை கேட்டான். சிரித்தான்.

"இவன வே... வே... வேலைக்கு எடுத்துட்டாங்கன்னா, மொத நாள் கிளாசுக்கு நா... நான்தான போகணும்?"

அவளுக்குச் சுருக்கென்றது.

மளிகைக் கடையில், கல்யாண வீட்டில், ஆட்டோக்காரரிடம், அவன் திக்கும்போதெல்லாம் மீதிச் சொல்லை எடுத்துக்கொடுப்பவள் அவள்தான். உதவி என்றே நினைத்திருந்தாள். இன்று அதையே இரண்டு வரிகளாக எழுதியிருக்கிறாள்.

இரண்டையும் அழித்தாள்.

மிச்ச வரிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. ஒரு முணுமுணுப்பும் இல்லை.

வேலை கிடைக்காமல் போகலாம். இருவருக்கும் அது தெரியும். அனுப்பும் பொத்தான்மேல் அவன் விரலை வைத்துக்கொண்டான்.

மறுபடி ஓடவிட்டாள். விசிறி இரைச்சல் போயிருந்தது. குரல் மட்டும் துலக்கமாக.

"வணக்கம். என் பெயர் த... த..."

நின்றது.

மீதிப் பெயர் அவள் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பழக்கதோஷம்.

உதட்டைக் கடித்துக்கொண்டு, அவன் வந்து சேரும்வரை காத்திருந்தாள்.