எண்ணெய் கொண்டுவந்த சேதி

ஆராய்ச்சிக்கூடத்துக் குளிர்பெட்டியில், சின்னக் குழாய் ஒன்றில் கண்ணின் உட்புறத்தை நிரப்பும் கூழ்நீர் கொஞ்சம் இருந்தது. அருளப்பன் என்பவரின் கண்ணுக்குள் அறுபது வருஷம் விழித்திரையோடு ஒட்டிக் கிடந்தது அது. திரை கிழிந்து கண்சுவரை விட்டுக் கழன்றபோது, டாக்டர்கள் ஆபரேஷன் செய்து கூழ்நீரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் திரையைச் சுவரோடு தாங்க சிலிகான் எண்ணெய் நிரப்பினார்கள்.

ஆறு மாதம் கழித்து அந்த எண்ணெயையும் எடுத்து, பக்கத்துக் குழாயில் வைத்தார்கள்.

"விழித்திரை எப்படி இருக்கிறாள்?" என்று கேட்டது கூழ்நீர்.

"சுவரோடு சேர்ந்துவிட்டாள். அருளப்பன் இப்போது பஸ் நம்பரைத் தானே படிக்கிறார்."

"என்னைப் பற்றி ஏதாவது கேட்டாளா?"

"எந்நேரமும் வெளிச்சத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள்" என்றது எண்ணெய்.

"நீ அவளை எப்படிப் பிடித்து வைத்திருந்தாய்?"

"நான் பிடிக்கவே இல்லையே. பக்கத்தில் சாய்ந்து இருந்தேன், அவ்வளவுதான்."

"வயசாகிச் சுருங்கினபோதுகூட நான் விடவில்லை" என்றது கூழ்நீர். "இழுத்துப் பிடித்துக்கொண்டேதான் இருந்தேன்."

அந்நேரம் டாக்டர் நஸ்ரின் பெட்டியைத் திறந்து கூழ்நீரை எடுத்தார். திரை ஏன் கிழிந்தது என்று கண்டுபிடிக்க, அதை மூன்று நாள் சோதிக்க வேண்டுமாம்.