முகத்துக்கு நேரே அம்பு விடக் கூடாது

2025 ஆகஸ்ட் 4, திங்கட்கிழமை முற்பகல் பதினொரு மணிக்குப் பனியன் கம்பெனி முதலாளி தீனதயாளன் தையல் பிரிவுக்குள் நுழைந்தபோது, ஓவர்லாக் டெய்லர் விஜயராணியின் இடக்கண்ணுக்கு மேல் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது.

முந்தைய நாள்தான் அவர், தொழிலாளர் ஒற்றுமைக்கென்று, படைவீரர் வேடங்கட்டிப் போரிடும் விளையாட்டு ஒன்றை நடத்தியிருந்தார். ஸ்பாஞ்சு முனை அம்புகளையும் ஆளுக்கொரு காப்புக் கண்ணாடியையும் தாமே சரிபார்த்திருந்தார். நாணைப் பாதிக்கு மேல் இழுக்கவும் தடை போட்டிருந்தார்.

"மூஞ்சிக்கு நேரா அம்பு விடக்கூடாதுன்னு தொண்டை கிழியச் சொன்னனே! எவன் விட்டது?"

சூப்பர்வைசர் தண்டாயுதபாணி தரையைப் பார்த்தார். "அது வந்துங்க மொதலாளி..."

"மூடி மறைக்காதீங்க! ஒரு நூல் தள்ளியிருந்தா கண்ணே போயிருக்கும். பாதுகாப்ப மதிக்காதவன் ஆரா இருந்தாலுஞ் சரி, இன்னைக்கே வேலைய விட்டு அனுப்போணும். நீ பயப்படாமச் சொல்லும்மா, ஆரு?"

விஜயராணி எழுந்து நின்றாள். "அம்பு என் மேல படவே இல்ல சார். இன்னைக்குக் காலைல மெஷின் ஊசி ஒடிஞ்சு தெறிச்சிருச்சு."

"மெஷின்ல கண்ணுக்குத் தடுப்பு இருக்குமல்ல?"

"இருந்துச்சு சார். வேகம் கொறையுதுன்னு போன வாரம் நீங்கதான கழட்டச் சொன்னீக?"

அதன்பின் எவரும் வேலையைவிட்டு அனுப்பப்படவில்லை. பிற்பகலில் முதலாளி அறையில் கூட்டம் நடந்தது. தடுப்புகளைத் திரும்ப மாட்டுவதைப் பற்றி ஷிப்மெண்ட் போன பிறகு யோசிப்பதென்றும், கண்ணுக்கு ஆபத்து என்பதால் அம்பு விளையாட்டை இனி நடத்துவதில்லை என்றும் முடிவாயிற்று.