கிழவிக்கு வந்த கேடு

"போனை எடுக்காதேடி. எடுத்தா கையை உடைச்சிடுவேன்!"

அக்கா சொல்லி வாய் மூடுவதற்குள் தங்கை எடுத்துவிட்டாள்.

"சொல்லுடி. இன்னிக்குக் கிழவிக்கு என்ன கேடு?"

கிழவி என்பது மனுஷி இல்லை. தங்கை வேலை பார்க்கும் பேக்கரியின் பழைய ரொட்டி அடுப்பு. கூப்பிட்டவள், அந்த அடுப்புப் பக்கத்தில் தங்கையோடு நின்று மாவு பிசைந்த தோழி. வீட்டில் வைத்த பெயர் என்னவோ, எல்லோருக்கும் அவள் வாலுதான்.

"இடது பக்கம் கருக்குறாளா? வலது பக்கம் வேகவே இல்லையா? உனக்கு எத்தனை தடவை சொல்றது! பாதி வெந்ததும் தட்டைத் திருப்பி வைக்கணும்டி. முதல்ல ஒரு சிட்டிகை மாவை உள்ள தூவிப் பாரு. விழுந்ததும் கருகினா கதவைக் கொஞ்ச நேரம் திறந்து போடு. பொன்னிறமா மாறினா தட்டைத் தள்ளு. அய்யோ, கையால சாத்தினா எங்க சாத்தும்? உதைக்கணும். உதைச்சாதான் கிழவி சொன்ன பேச்சு கேப்பா."

அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பச்சை உடம்புக்காரியை ஓய்வெடுக்க விடாமல் தினம் தினம் இதென்ன பஞ்சாயத்து? வாலுவுக்கு அடுப்பு பிடிபடவில்லை என்றால் முதலாளியைக் கேட்க வேண்டியதுதானே!

அவள் குழந்தை பார்க்க வந்த லட்சணத்தையே அக்கா இன்னும் மறக்கவில்லை. வெறுங்கையை வீசிக்கொண்டு வந்தாள். குழந்தையை ஒரு பார்வை பார்த்தாள், தூக்கக்கூட இல்லை. கட்டில் ஓரத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

தங்கை அப்போது சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். பிரசவம் ஆனதிலிருந்தே அப்படித்தான். கேட்டதற்குப் பதில் இல்லை, பசி இல்லை. சும்மா இருக்கும்போதே கண்ணீர் வழியும்.

"எனக்கு ஒண்ணுமே தெரியலடி," என்று வாலுவிடம் சொன்னாள் தங்கை. "பால் குடுக்கத் தெரியல, குளிப்பாட்டத் தெரியல, அழுதா நிறுத்தத் தெரியல. வர்றவங்க போறவங்க எல்லாரும் எனக்குப் பாடம் எடுத்துட்டுப் போறாங்க."

தோழி என்றால் ஆறுதலாக நாலு வார்த்தை சொல்ல மாட்டாளா? 'ம்' என்றாள். தண்ணீர் குடித்தாள். போய்விட்டாள். மறுநாளிலிருந்து இந்த போன்.

என்னவோ, இப்போதெல்லாம் தங்கை எழுந்து உட்காருகிறாள். இன்னும் ஒரு கரண்டி போடச் சொல்லிக் கேட்கிறாள். குழந்தையைக் குளிப்பாட்டும்போது, "இந்தச் சூடு போதும், நீ நகருக்கா" என்று அதட்டுகிறாள். எல்லாம் தன் கைப்பக்குவம் என்று அக்கா பூரித்துப்போனாள். சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டுச் சொல்லியும் விட்டாள்.

ஆனால் அன்று மதியம் எல்லாம் கெட்டது. அழுது தீர்த்த குழந்தை அப்போதுதான் கண்ணயர்ந்திருந்தது. போன் அலறியது. குழந்தை வீறிட்டது.

அக்கா போனைப் பிடுங்கினாள்.

"ஏம்மா, உனக்கு மனசாட்சி இருக்கா? உபகாரமா இல்லாட்டியும் உபத்திரவமா இருக்காதே!"

பதில் வருவதற்குள் அணைத்து, பீரோவில் வைத்துப் பூட்டினாள்.

தங்கை சண்டைக்கு வரவில்லை. வந்திருந்தால்கூடத் தேவலை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். சாப்பாட்டுத் தட்டு தொடாமல் கிடந்தது.

மாப்பிள்ளை வேலையிலிருந்து வந்ததும் அக்கா பிடித்துக்கொண்டாள்.

"பாத்தீங்களா மாப்பிள்ளை? இவ்வளவு தூரம் தேத்திக் கொண்டுவந்தேன். எல்லாத்தையும் குட்டிச்சுவரு ஆக்கிட்டா! நேரா அந்த பேக்கரிக்குப் போங்க. முதலாளி முன்னாலயே நறுக்குன்னு நாலு கேள்வி கேளுங்க. ஒரு அடுப்பைக் கட்டி மேய்க்கத் தெரியாதவளுக்கு எதுக்கு அந்த வேலை?"

"அவ வேலையே போயிடும்க்கா."

"போகட்டும்! நம்ம புள்ளைய விட அவ வேலை பெரிசா?"

மாப்பிள்ளை கட்டிலைப் பார்த்தார், தொடாத தட்டைப் பார்த்தார். கழற்றிய செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டு புலி மாதிரி கிளம்பினார்.

திரும்பி வந்தவர் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார். பீரோ சாவியைக் கேட்டு வாங்கினார். போனை எடுத்து மனைவியின் தலைமாட்டில் வைத்தார்.

"வாலு பாவம், தடுமாறுறா. வலது பக்கம் இன்னும் பச்சையாவே இருக்காம். நீ சொன்னாத்தான் ஆகும்னு நிக்கறா."

தங்கை சட்டென்று எழுந்து உட்கார்ந்தாள்.

"தட்டைத் திருப்பியிருக்க மாட்டா. எனக்குத் தெரியாதா அவளை!"

ஒரு கையால் குழந்தையை மடியில் அள்ளிப் போட்டுக்கொண்டு, மறு கையால் வாலுவைக் கூப்பிட்டாள்.

அக்கா மாப்பிள்ளையைச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"புலியாப் போயி பூனையா வந்திருக்கீங்களே! அந்த அடுப்பைப் பத்தி முதலாளிகிட்ட ஒரு வார்த்தையாவது கேட்டீங்களா, இல்லையா?"

"கேட்டேன்க்கா." மாப்பிள்ளை அறைப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"இவ லீவு போட்ட வாரமே கிழவியைப் பழைய இரும்புக்குப் போட்டுட்டாங்களாம். இப்ப இருக்கறது புது மெஷின். பட்டனை அழுத்தினா தானா வேகுது."