பதின்மூன்றாம் குழியில் ஆறு

ஐந்து என்று இருந்தது.

ஆட்டம் முடிந்து கிளப் மேசையில் உட்கார்ந்திருந்தவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தான். ஐந்துதான். பதின்மூன்றாம் குழிக்கு நேரே, அவன் கையாலேயே, கரும்பலகையில் பிள்ளைகளுக்கு எழுதுவதைப் போலத் திருத்தமாக எழுதிய ஐந்து.

அந்தக் குழியில் தேவசிகாமணி அடித்தது ஆறு.

கோல்ஃபில் குறைந்த அடியில் முடிப்பவருக்குத்தான் வெற்றி. தன் அடிக்கணக்குக் கார்டைத் தானே எழுதிக்கொள்ள முடியாது. கூட ஆடுகிறவர் எழுத வேண்டும். காலையிலிருந்து தேவசிகாமணியின் கார்டு அவன் சட்டைப்பையில், அவனுடையது தேவசிகாமணியிடம்.

வேண்டுமென்று எழுதவில்லை. சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்வான். பதின்மூன்றில் அவன் பந்து தேயிலைக்குள் போய்விட்டது. தேடித் தேடி, மூச்சு வாங்க வந்து நின்றவனிடம் அந்த ஆள் "ஆறு" என்று எரிந்து விழுந்தார். ஐந்து எப்படி விழுந்ததென்று கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

இரண்டு எஸ்டேட்டும் ஒரு மீசையும் உள்ள ஆள்.

அவன் மட்டையை ஓங்கும்போதெல்லாம் பைக்குள் சாவிக்கொத்தைக் குலுக்கினார். அவன் பந்து உருள வேண்டிய வழியிலேயே ஆணி வைத்த ஷூவோடு நடந்தார். நான்காம் குழியில், கைக்கெட்டும் தூரத்திலிருந்து அவன் தவறவிட்டபோது, பின்னால் காத்திருந்த கூட்டத்துக்கும் கேட்கும்படி சொன்னார்:

"வாத்தியாரே, வீட்டுப்பாடம் பண்ணாம வந்துட்டீங்களாட்ட இருக்குதுங்க."

சிரித்தார்கள்.

பள்ளிக்கூடத்துக் கோட்டாவில் கிளப்புக்குள் வந்த கணக்கு வாத்தியார் அவன். ஒன்பது வருஷமாக ஆடுகிறான். கிளப் கூடத்தில் ஒரு தேக்குப் பலகை இருக்கிறது. கோப்பை வென்றவர்களின் பெயர்கள் தங்க எழுத்தில். தேவசிகாமணி அதில் நாலு தடவை இருக்கிறார். அவன் ஒரு தடவைகூட இல்லை.

ஒரு தடவை போதும். அதற்குப் பிறகு மட்டையைத் தூக்கிப் பரணில் போட்டுவிடுவான்.

மொத்தம் கூட்டுவது செயலாளரின் வேலை. கணக்கு வாத்தியார் மனசு சும்மா இருக்குமா? கூட்டிவிட்டது. ஆறு என்றால் இருவரும் சமம். சமம் என்றால் இன்னொரு குழி ஆட வேண்டும். அந்த ஆளோடு இன்னொரு குழியா?

ஒரு அடி குறைத்து ஐந்து என்று எழுதிய கார்டில் அந்த ஆள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டால், ஆட்டத்திலிருந்தே நீக்கம்; கோப்பை இவனுக்கு. யார் தப்பாக எழுதினார் என்று யாரும் கேட்க மாட்டார்கள். படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுவது அவரவர் பொறுப்பு.

பேனா கையில்தான் இருந்தது. ஐந்தை அடித்துவிட்டு, பக்கத்தில் ஒரு ஆறு போட்டால் முடிந்தது.

பழம் நழுவிப் பாலில் விழும்போது தட்டிவிட அவன் என்ன பைத்தியமா?

கார்டு செயலாளரின் பெட்டிக்குள் விழட்டும். முடிவு சொல்லும்போது எழுந்து சொல்லிக்கொள்ளலாம். இப்போதுதான் ஞாபகம் வருகிறது சார், பதின்மூன்றில் ஆறு.

எழுதியவர் போட வேண்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டான். கார்டை மேசைமேல் நகர்த்தினான். ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள் என்று வாய் வரைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டான்.

தேவசிகாமணி பார்க்கவில்லை.

"வாத்தியார் எழுதுனதுல தப்பு இருக்குமாங்க?" என்றார். கிறுக்கினார். மரப்பெட்டியின் வாயில் கார்டைப் போட்டார்.

உள்ளே போனது போனதுதான். இனி யாரும் திருத்த முடியாது.

அவனுக்கு நெஞ்சு திக்குத்திக்கென்று அடித்துக்கொண்டது. சந்தோஷம்தான். வெட்கங்கெட்ட சந்தோஷம். தேவசிகாமணி எழுதிக் கொடுத்திருந்த தன் கார்டை எடுத்துக்கொண்டு பெட்டியிடம் போனான்.

முழங்கையை ஒரு கை பிடித்து இழுத்தது.

"கையெழுத்து எங்கீங்க?"

அவன் கார்டில் காலியாகக் கிடந்த கட்டத்தைத் தேவசிகாமணி விரலால் தட்டினார். அந்த ஆளின் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்ததில், தன் கார்டில் கையெழுத்துப் போட மறந்திருந்தான். அப்படியே உள்ளே போயிருந்தால் நீக்கம் அவனுக்குத்தான்.

"போட்டுத் தொலைங்க வாத்தியாரே. உங்களை ஆட்டத்துல செயிக்கோணும். காயிதத்துல செயிச்சா எனக்கென்ன மரியாதைங்க?"

தன் பேனாவையே நீட்டினார்.

அந்த நிமிஷம்தான் அவன் அந்த ஆளை முழுசாக வெறுத்தான். காலையிலிருந்து வெறுத்ததெல்லாம் வெறும் விளையாட்டு.

வாங்கினான். போட்டான். கார்டு உள்ளே விழுந்தது.

செயலாளர் பெட்டியைத் திறந்து ஒவ்வொரு கார்டாகக் கூட்டினார். கூடம் நிறைந்திருந்தது. டீ வந்தது. அவன் குடிக்கவில்லை.

ஒரே ஒரு அடி வித்தியாசத்தில் தேவசிகாமணி என்றார் செயலாளர். கைதட்டினார்கள். யாரோ மீசைக்காரரின் முதுகில் ஓங்கித் தட்டினார்கள்.

கோப்பையைக் கொடுப்பதற்கு முன்னால் செயலாளர் வழக்கமாகக் கேட்பதைக் கேட்டார். யாருக்காவது ஆட்சேபம் உண்டா?

யாரும் பதில் சொன்னதாகச் சரித்திரம் இல்லை.

பதின்மூன்றில் ஆறு. பழி தீர்க்கிறவன் சொல்ல வேண்டியதும் அதுதான், யோக்கியன் சொல்ல வேண்டியதும் அதுதான். கேட்கிறவர்களுக்கு வித்தியாசம் தெரியப்போவதில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் அந்த ஆளின் பெயர் ஐந்தாம் தடவை ஏறும், அதுவும் பொய்யாக.

நாற்காலி ஒன்று கிறீச்சென்று பின்னால் நகர்ந்தது. எல்லோரும் திரும்பினார்கள். தேவசிகாமணியும் திரும்பினார்.

எழுந்து நிற்பது தான்தான் என்று அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது.