மூன்றே பக்கம்

"பேர் குடுக்கறவங்க ரெண்டு மடங்கா ஆயிட்டாங்க. ஆனா கணக்கு ஆரம்பிக்கிறவங்க மட்டும் கூடலையே, ஏன்? வெள்ளிக்கிழமை மும்பை ஹெட் ஆபீசிலிருந்து ஆள் வர்றாராம். இதைத்தான் கேப்பாரு."

பக்கத்து சீட் ஹரீஷ்குமார் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டான். ஸ்வாதி கையிலிருந்த வேலையை அப்படியே நிறுத்தினாள்.

ஓசூரில் இருந்த அந்த ஷேர் கம்பெனியில் அவள் சேர்ந்ததே இந்த வேலைக்குத்தான். இன்டர்நெட்டில் பேர் கொடுக்க வருகிறவர்கள் ஒன்பது பக்க விண்ணப்பத்தைப் பார்த்து பாதியிலேயே ஓடிக்கொண்டிருந்தார்கள். அவள் அதை மூன்றே பக்கமாக்கினாள். பெரிய எழுத்து. தமிழ், கன்னடம், தெலுங்கு. ஷிப்ட் முடிந்து வருகிறவர்கள்கூட பஸ் ஸ்டாண்ட் பக்கத்து பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, டீ ஆறுவதற்குள் பேர் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

அதன்பிறகு ஆபீசிலிருந்து போன் போகும். எப்போது வந்து கையெழுத்து வாங்கலாம் என்று கேட்பார்கள். கையெழுத்துப் போட்டால் கணக்கு ஆரம்பம். அவ்வளவுதான்.

அந்த போனைத்தான் மேனேஜர் பூபதி தன் கையில் வைத்துக்கொண்டார். "நானே பேசிக்கறேன்" என்று கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொள்வார். ஒரு நிமிடத்தில் முடிய வேண்டிய பேச்சு அரை மணி நேரம் ஓடும். சிரிப்பார். சில சமயம் யாரையோ திட்டுவார். எதிரில் பைல்கள் அப்படியே கிடக்கும்.

"யார்கிட்டதான் இப்படிப் பேசறாரு?" என்று ஒருநாள் கேட்டாள்.

"வீட்டம்மாவா இருக்கும்" என்றான் ஹரீஷ்குமார்.

வியாழக்கிழமை இரவு அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கணவன் ஸ்ரீராமை பேக்டரியில் ஆள் குறைப்பு என்று நிறுத்தி இரண்டு மாதமாகிறது. விருதுநகரிலிருந்து பிழைக்க வந்த இடத்தில் இப்போது அவள் சம்பளம்தான். அதுவும் வேலை இன்னும் நிரந்தரம் ஆகவில்லை.

"பக்கம் சரியில்லன்னு என் தலையில கட்டிருவாங்க" என்றாள்.

"நீ ஏன் பயப்படுற? அந்த ஆளு நாள் பூரா போன்ல அரட்டை அடிக்கிறதைச் சொல்லு. உள்ளதைத்தானே சொல்ற?"

வெள்ளிக்கிழமை வந்தவர் நேராக விஷயத்துக்கு வந்தார்.

"இத்தனை பேர் ஆர்வமாகப் பேர் கொடுக்கிறார்கள். கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறார்கள். இந்தப் பக்கத்தில் என்ன கோளாறு?"

பூபதி மேஜையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். ஸ்வாதிக்குச் சந்தேகமே இல்லை. பழியைத் தன் மேல் போடத்தான் போகிறார்.

"பக்கத்துல கோளாறு இல்ல சார்" என்று முந்திக்கொண்டாள். "அதுக்கப்புறம் போன் பண்றதுலதான். பூபதி சார் ஒரு ஆள்கிட்டயே அரை மணி நேரம் பேசறாரு. கதவைச் சாத்திக்கிட்டு. என்ன பேசறாருன்னு யாருக்கும் தெரியாது."

வந்தவர் பூபதி பக்கம் திரும்பினார். "உண்மையா?"

"உண்மைதான் சார். அந்தப் பொண்ணு வேலையில ஒரு குறையும் இல்ல. ஆளுங்க வர்றதே அது செஞ்ச பக்கத்தாலதான்."

"என்ன பேசினீர்கள்?"

பூபதி பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார்.

சாயங்காலமே அவரை வேலையை விட்டுப் போகச் சொல்லிவிட்டார்கள். டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு படியிறங்கினார். ஸ்வாதி அவர் முகத்தைப் பார்க்கவில்லை. ஆனால் அன்று ராத்திரி நன்றாகச் சாப்பிட்டாள்.

திங்கட்கிழமை வேலையை நிரந்தரமாக்கினார்கள். புது மேனேஜர் வரும்வரை அந்த போனையும் அவளையே பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். கண்ணாடி அறையில் போய் உட்கார்ந்த சற்று நேரத்தில் போன் அடித்தது.

"பூபதி சார் இருக்காருங்களா?" ஒரு பெண் குரல்.

"இல்லையே. நீங்க யாரு பேசறது?"

"நான் தொரப்பள்ளி ஊர்ல இருந்து பேசறங்க, வெங்கடம்மா. எங்க வூட்டுக்காரரு உங்க கம்பெனியில பேரு குடுத்திருந்தாருங்க. பேக்டரிக்கு நெலம் குடுத்தமே, அந்தப் பணம் பூராத்தையும் ஷேர்ல போடறதுன்னு இருந்திருக்காரு. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலைங்க."

"சரி..."

"சார்தான் போன் பண்ணி, 'வூட்டுல சொன்னீங்களா?'ன்னு கேட்டிருக்காரு. இவரு முழிச்சாரு. 'அந்தம்மாகிட்ட போனைக் குடுங்க'ன்னாரு. இதுல பணம் போனாலும் போயிடும்னு எனக்குப் புரியற மாதிரி சொல்லி, இவரையும் நல்லாத் திட்டினாருங்க. பொண்ணுங்க ரெண்டு பேரு பேருலயும் பேங்க்குல போட்டுட்டோம். அவரு புண்ணியங்க."

ஸ்வாதி எதிரில் கிடந்த பைல்களைப் பார்த்தாள்.

"இப்ப எதுக்குக் கூப்ட்டன்னா, என் தம்பி சென்னப்பனும் நேத்து பேரு குடுத்துட்டு வந்திருக்கானுங்க. மூணே பக்கம்தான், ரொம்ப சுலபம்னு பெருமையாச் சொல்லிக்கிட்டுத் திரியறான். அவனும் நெலத்துப் பணத்தைத்தான் வெச்சிருக்கான். நான் சொன்னா கேக்க மாட்டேங்கறான். சார் இன்னைக்கு போன் பண்ணுவாருன்னு காலையில இருந்து பாத்துக்கிட்டே இருக்கறேன்."

"சார்... சார் வேலையை விட்டுப் போயிட்டாருங்க."



"அப்ப எங்க தம்பிக்கு இனிமே யாருங்க போன் பண்ணுவாங்க?"